'ஓடிப்போனவர்' என்று எழுதப்பட்ட இருவர்

செந்தமிழ்ச்செல்வி பிரெஞ்சு கற்றுக்கொண்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடமாகப் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் அள்ளலாம் என்று புதுச்சேரியில் ஒரு பேச்சு உண்டு. முதலியார்பேட்டையில் குடியிருந்துகொண்டு பஞ்சாலையில் நூல் பிரிவில் வேலை பார்த்த அவளுடைய அப்பா அந்தப் பேச்சை நம்பினார். மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது. ஆனால் மொழி ஒட்டிக்கொண்டது. கல்லூரியிலும் அதையே எடுத்துப் படித்தாள்.

படித்து முடித்த வருஷம் ஆலையை மூடினார்கள். அப்பா வீட்டில் உட்கார்ந்துவிட, அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தாள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி எழுதித் தந்த பத்திரங்களை வைத்துக்கொண்டு சொத்துக்கு அடித்துக்கொள்ளும் குடும்பங்கள் ஊரில் நிறைய. அந்தப் பத்திரங்களைப் படித்துத் தமிழில் எழுதித் தர வேண்டும். இறகால் எழுதிய எழுத்து. மை ஊறி, பூச்சி அரித்து, பாதி வார்த்தை பக்கத்தின் மறுபுறம் எட்டிப்பார்க்கும். முதல் ஆறு மாதம் தினமும் தலைவலியோடு வீட்டுக்குப் போனாள். பிறகு கை பழகிய மாதிரி கண்ணும் பழகிவிட்டது.

வினோத்குமாரை அவளுக்குக் கட்டிவைத்தது பெரியவர்கள்தான். தவளக்குப்பத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். கொஞ்சம் நிலம் இருந்த குடும்பம். அண்ணன் இராமதாஸ் பயிர் பார்த்துக்கொண்டார், தம்பி வினோத் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனிக்குப் போய்வந்தான். வினோத்துக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று, ஒரே குடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவனால் முடியவில்லை. சிநேகிதன் ஒருவன் சொல்லி, சென்னையில் கப்பல் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்தான். சரக்குக் கப்பலில் மேல்தளத்து ஆளாகப் போனான். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். கரை தெரிந்து டவர் கிடைத்தால் போன் வரும்.

2014 டிசம்பரில் வந்த போன் சென்னை ஏஜென்சியிலிருந்து. தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தைக் கப்பல் அடைந்தபோது வினோத்குமார் கப்பலில் இல்லை என்றார்கள். அப்புறம் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. கப்பலில் இருந்த எல்லாரையும் விசாரித்ததாகவும், யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்றும், அனுமதியின்றி அவராகவே வெளியேறியிருக்கக்கூடும் என்றும் அதில் இருந்தது. விசாரிக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலைக் கடைசியில் இணைத்திருந்தார்கள்.

ஊர் அந்தக் கடிதத்தை ஒரே வார்த்தையில் புரிந்துகொண்டது. ஓடிப்போயிட்டான். ஆப்பிரிக்காவில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று சிலர் சொன்னார்கள். கடன் இருந்திருக்கும் என்றார்கள் வேறு சிலர். செல்வி ஏஜென்சிக்கு அலைந்தாள், மனு கொடுத்தாள், தூதரகத்துக்கு எழுதினாள். பதில்கள் எல்லாம் அந்தக் கடிதத்தையே திருப்பிச் சொல்லின. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். நலங்கு வைக்கக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு குழப்பம். அவள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் விடவில்லை. இன்னொரு பக்கம், கணவர் எங்கே என்று புதிதாக யாராவது கேட்டால் 'கப்பலில்' என்று சொல்வதையும் விட்டுவிட்டாள்.

இராமதாசுக்கோ தம்பி ஓடிப்போனதில் அவமானம் இருந்தாலும் ஒரு நிம்மதியும் இருந்தது. ஓடிப்போனவன் உயிரோடு இருப்பான். ஏழு வருஷம் கழிந்ததும், கோர்ட்டில் மனுப் போட்டு இறந்ததாக அறிவிக்க வழி உண்டு என்று வக்கீல் சொன்னார். அண்ணனும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இராமதாஸ் பேனாவைத் தொடவில்லை.

"உயிரோட எங்கியோ இருக்கான்னு நெனச்சிக்கினு இருக்கேன். அத்தையும் புடுங்கிடாதம்மா" என்றார்.

அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

அனிக் என்ற பிரெஞ்சுப் பெண்மணி அவளுக்கு அறிமுகமானது அதற்கு அடுத்த வருஷம். பிரான்சின் பிரித்தானி மாநிலத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவருடைய முன்னோர் ஒருவர் பதினெட்டாம் நூற்றாண்டில் 'லா கொன்ஸ்தான்ஸ்' என்ற பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் மாலுமியாக இருந்து புதுச்சேரி வரை வந்திருக்கிறார். அவரைத் தேட ஆரம்பித்த அனிக், பிறகு அந்தக் கப்பலில் இருந்த அத்தனை பேரும் யார் யார் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். ஆவணக்காப்பகத்தில் கப்பலின் ஆள்பட்டியலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவார். பிரெஞ்சு மாலுமிகளை அவரே பார்த்துக்கொண்டார். அவர்களைத் தேடுவது அத்தனை கஷ்டமில்லை. அப்பா பெயர், பிறந்த ஊர், உயரம், முடியின் நிறம், முகத்தில் அம்மைத் தழும்பு உண்டா என்பது வரை எழுதி வைத்திருந்தார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தாலும் தழும்பும் வயதும் பிரித்துக் காட்டிவிடும்.

புதுச்சேரியில் ஏற்றிக்கொண்ட லஸ்கர்கள், அதாவது இந்த ஊர்க் கப்பலாட்கள், செல்வியின் பங்கு. அவர்களுக்கு உயரமும் கிடையாது, அப்பாவும் கிடையாது. பெயர் மட்டும், அதுவும் காதில் விழுந்தபடி. 'மூத்தூ' என்று இருந்தால் முத்து. 'சவ்ரி' என்றால் சவரிமுத்துவா சவரிராயனா என்று வேறு ஏட்டில் தேட வேண்டும். இரண்டு பிரெஞ்சு எழுத்தர்கள் ஒரே ஆளின் பெயரை ஒரே மாதிரி எழுதியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. பெயரை வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பார்ப்பாள். முதலில் பிரெஞ்சு நாக்கில், பிறகு தமிழ் நாக்கில். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் அதற்குப் பழகிப்போயிருந்தார்கள்.

'கனப்பின், புதுச்சேரி லஸ்கர்' என்று ஒரு பெயர் இருந்தது. கண்ணப்பனாக இருக்கலாம், கன்னியப்பனாகவும் இருக்கலாம். எதிரே ஓரத்தில் 'ஈல் தெ பிரான்சில் ஓடிப்போனவர்' என்று ஒரு குறிப்பு. இன்றைய மொரீஷியஸ் தீவுக்கு அப்போது அதுதான் பெயர். அந்தக் கப்பலில் அப்படிக் குறிக்கப்பட்டவர்கள் பலர். துறைமுகம் கண்டதும் குதித்துத் தப்பிப்பது அந்தக் காலத்து மாலுமிகளிடம் சாதாரணம். அவள் அனிக்குடைய அட்டவணையில் 'ஓடிப்போனவர்' என்று தட்டச்சு செய்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

சில வாரம் கழித்து, அந்தத் தீவின் துறைமுக மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்த்த ஏட்டின் படங்களை அனிக் அனுப்பினார். காய்ச்சலில் படுத்த பிரெஞ்சு மாலுமிகளுக்காக அதைத் தேடி எடுத்திருந்தார். ஒரு பக்கத்தின் அடியில், வேறு கையெழுத்தில், 'கனியப்பேன், லா கொன்ஸ்தான்ஸ் கப்பல் லஸ்கர்' என்று இருந்தது. 'னி' தெளிவாக இருந்ததால் கன்னியப்பன்தான் என்று முடிவாயிற்று. வயிற்றுப்போக்கோடு வந்து சேர்ந்திருக்கிறார். கப்பல் கிளம்பிய நாளில் படுக்கையில் இருந்திருக்கிறார். அதற்கு அடுத்த வாரம் செத்துப்போயிருக்கிறார்.

செல்வி அந்தத் தேதிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். பிறகு அனிக்கை வீடியோவில் கூப்பிட்டாள்.

"நம் அட்டவணையில் தப்பு இருக்கிறது. இவர் ஓடிப்போகவில்லை" என்றாள்.

அனிக் ஆச்சரியப்படவில்லை. "நிறையப் பேருக்கு இப்படித்தான். கப்பல் கிளம்பும்போது பெயர் வாசிப்பார்கள். ஆள் பதில் சொல்லாவிட்டால் ஓடிப்போனவர் என்று எழுதிவிட்டுப் பாய் விரித்துவிடுவார்கள்."

"கூட இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்குமே. யாராவது சொல்லியிருக்கலாமே?"

"தெரிந்தவர்களும் அவரோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்களோ என்னவோ. கப்பல் ஏட்டில் கப்பலில் மிஞ்சியவர்கள் சொன்னதுதானே இருக்கும்? கரையில் இறங்கிவிட்டவர்களை யார் கேட்டார்கள்?"

அழைப்பு முடிந்தது. செல்வி அட்டவணையைத் திருத்தினாள். தேநீர் வந்தது, குடித்தாள். ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் காத்துக்கொண்டிருந்தது, அதைப் பிரித்து வைத்தாள். ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. கம்பெனிக் கடிதத்தின் பின்னால் இருந்த பெயர்ப்பட்டியல் எப்போது தயாரானது என்ற ஒரே கேள்விதான் மனதில் நின்றது. கப்பல் டர்பனை அடைந்து, ஆட்கள் ஏறி இறங்கிய பிறகு தயாரானது. அப்படியென்றால் இறங்கியவர்கள்?

அன்று சாயங்காலம் வீட்டில் பீரோவிலிருந்து கடிதத்தை எடுத்தாள். போனில், காணாமல் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் வினோத் அனுப்பிய ஒரு படம் இருந்தது. கப்பலில் ஆயுத பூஜை கொண்டாடி, பொரி கடலையோடு எல்லாரும் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். வெளிநாட்டுக்காரர்கள்கூட நெற்றியில் விபூதியோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. பார்த்ததெல்லாம் வினோத்தின் முகத்தை மட்டும்தான். இப்போது மற்ற முகங்களைப் பார்த்தாள்.

பட்டியலில் பெயர், நாடு, பிறந்த வருஷம், வேலை எல்லாம் இருந்தது. லஸ்கர்களுக்குச் செய்வதுபோல ஒவ்வொரு பெயரையும் ஒரு முகத்தோடு சேர்த்துக்கொண்டே வந்தாள். பிலிப்பைன்ஸ்காரர்கள் யார் என்று பார்த்ததும் தெரிந்தது. சமையல்காரர் தொப்பியோடு நின்றார். வினோத்தின் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்த இளைஞனிடம் வந்ததும் நின்றாள். 'நம்ம ஊருப் பையன் ஒருத்தன் இருக்கான், செலம்பு' என்று வினோத் போனில் சொன்னது இவனைத்தான். பட்டியலில் 'அரசன் கே.' என்று இருந்த பெயர்தான் அவன், சிலம்பரசன் என்பதை எங்கேயோ பாதியாக வெட்டிவிட்டார்கள் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஏஜென்சி மூலமாக அந்த அரசனுக்குக் கடிதம்கூடப் போட்டிருந்தாள். எதுவும் தெரியாது என்று அவரிடமிருந்து இரண்டு வரிப் பதிலும் வந்திருந்தது.

அரசன் கே. பிறந்த வருஷம் 1962 என்றிருந்தது. படத்தில் இருந்த பையனுக்கு இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. ஓரமாக நின்ற நரைத்த மீசைக்காரர்தான் அரசன்.

செலம்பு பட்டியலிலேயே இல்லை.

மறுநாள் இராமதாசிடம் போய்ச் சொன்னாள். களத்தில் எள் உலர்த்திக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அவன கண்டுபுடிச்சி இன்னா பண்ணப்போற?"

"கேக்கப்போறேன் மாமா. அந்தத் தம்பிய யாரும் கேக்கவே இல்ல."

"அவன் வேற எதனா சொல்லிட்டான்னா?"

இராமதாஸ் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எள்ளைக் கிளறினார். அவள் தனியாகத்தான் கிளம்பினாள்.

மீனவப் பையன் என்று வினோத் சொன்னது மட்டும் நினைவிருந்தது. வைத்திக்குப்பத்தில் கேட்டாள், சோலைநகரில் கேட்டாள். காலாப்பட்டில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது கனகசெட்டிக்குளத்துப் புள்ள மாதிரி இருக்குது. வெரலு போய் கப்பல்லேர்ந்து திரும்பி வந்துச்சே, அது" என்றாள்.

மரக்காணம் பஸ்ஸில் ஏறி கனகசெட்டிக்குளத்தில் இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். படகுகள் கரை ஏறிவிட்டிருந்தன. சிலம்பரசன் ஒரு படகின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான். உடம்பு போட்டிருந்தது, முடி முன்பக்கம் ஏறியிருந்தது, ஆனால் அதே முகம். வலது கையில் இரண்டு விரல்கள் அடியோடு இல்லை.

"தம்பி, நான் வினோத்குமார் சம்சாரம்" என்றாள்.

அவன் கையிலிருந்த ஸ்பேனரை மணலில் வைத்தான். துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வாங்க அண்ணி" என்றான் கடைசியில்.

படகின் நிழலில் உட்கார்ந்து சொன்னான். டர்பனை நெருங்கியபோது பொழுது விடிந்துகொண்டிருந்தது. துறைமுகத்து வழிகாட்டி ஏறுவதற்காகக் கப்பலின் பக்கவாட்டில் கயிற்று ஏணி இறக்க வேண்டும். அலை பெரிதாக இருந்தது. வழிகாட்டிப் படகு வந்துவிட்டது என்று அதிகாரி அவசரப்படுத்தினார். இவனும் வினோத்தும்தான் போனார்கள். உயிர்காப்புச் சட்டை இரண்டு பேருமே போடவில்லை. அதை எடுக்கக் கீழே போய்வர நேரமில்லை. ஏணி சுழன்று அடித்தது. அதை நேராக்க வினோத் வெளியே எட்டினான். கப்பல் சாய்ந்தது.

"நான் கயித்தப் புடிச்சேன் அண்ணி. அண்ணன் கையில கயிறு இருந்துச்சு, இழுத்துடலாம்னுதான் புடிச்சேன். கயிறு என் கைய கம்பியோட வெச்சி நசுக்கிடுச்சு. அப்புறம் கயிறு லேசா வந்துச்சு. அதுல யாருமில்ல."

செல்வி கடலைப் பார்க்கவில்லை. அவனுடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேடுனாங்களா?"

"சுத்திச் சுத்தி வந்தாங்க. என்னை அந்த வழிகாட்டி போட்லயே எறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் நான் கப்பலயே பாக்கல. ஏஜென்ட் ஒருத்தரு வந்து எழுதிக்கினு போனாரு. நடந்தத அப்படியே சொன்னேன். அண்ணன் ஊட்டுக்குச் சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். சொல்லிட்டோம்னாரு."

"எங்களுக்கு அவரு ஓடிப்போயிட்டாருன்னு எழுதியிருந்தாங்க."

சிலம்பரசன் அழ ஆரம்பித்தான். பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆறுதல் சொல்ல வரணும்னு எத்தினியோ வாட்டி நெனச்சேன். அவரு அம்மா மூஞ்சியப் பாக்க தெகிரியம் வரல. நீங்க எல்லாத்தையும் முடிச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்" என்றான். அவன் மனைவி மேனகா வந்து, யார் என்றுகூடக் கேட்காமல், செல்விக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கோபம் வந்தது. நஷ்டஈட்டுக்குப் பயந்து அந்தக் கடிதத்தை எழுதியவர்கள்மேல் வந்தது, தெரிந்தும் தெரியாது என்றவர்கள்மேல் வந்தது, ஊர்மேல் வந்தது. 'ஏன் ஒரு வார்த்தை சொல்லாம போயிட்ட' என்று வினோத்தோடு மனதுக்குள் எத்தனை சண்டை போட்டிருக்கிறாள்! அந்தச் சண்டைகளில் அவன் ஒருதடவைகூடப் பதில் சொன்னதில்லை. பஸ் புதுச்சேரிக்குள் நுழைவதற்குள் அந்தக் கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியிருந்தது. பஸ் நிலையத்தில் இறங்கி, நேராகத் தவளக்குப்பத்துக்கு இன்னொரு பஸ் ஏறினாள்.

இராமதாஸ் நின்றபடியே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

"தண்ணில எவ்ளோ நேரம் இருந்திருப்பான்?"

"தெரியல மாமா."

"நீச்சலு நல்லா அடிப்பான். ஏரிய குறுக்க தாண்டுவான்."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து ஒப்பாரி வைத்த பிறகுதான் அவரும் அழுதார். செல்விக்கும் அப்போதுதான் வந்தது.

மனு போட்டார்கள். சிலம்பரசன் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னான். இடது கையால் கையெழுத்துப் போட்டான். இராமதாஸ் வெள்ளைச் சட்டையில் வந்து, கேட்ட இடத்திலெல்லாம் பெயரை எழுதினார். சில மாதங்களில் உத்தரவு கிடைத்தது, சான்றிதழும் வந்தது. கம்பெனிமேல் வழக்குப் போட முடியுமா என்று செல்வி கேட்டாள். அந்தக் கம்பெனி பெயர் மாறி, கைமாறி, இப்போது எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியவில்லை, வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல். இழுக்கட்டும், போடுங்கள் என்றாள். அது இன்னும் நடக்கிறது. அந்தக் கம்பெனியின் பழைய பெயர்களைத் தேடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

தாலியைக் கழற்றி மாமியாரின் படத்துக்குக் கீழே வைத்தாள். மகன் வருவான் என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தவர். பொட்டு வைப்பதை அவள் விடவில்லை. சடங்குக்கு வந்த ஒரு பெரியம்மா அதைப் பற்றி ஏதோ ஆரம்பிக்க, இராமதாஸ், "அது அந்தப் பொண்ணு இஷ்டம். நீ சாப்புட்டியா?" என்று கேட்டு அந்தப் பேச்சை அங்கேயே முடித்தார்.

கருமாதியைக் கடற்கரையில் செய்துவிடலாம் என்றுதான் பேசியிருந்தார்கள். உள்ளே போய்ச் செய்யலாம், படகு நான் கொண்டுவருகிறேன் என்றான் சிலம்பரசன். இராமதாசும் செல்வியும் கனகசெட்டிக்குளத்தில் விடியற்காலையில் படகேறினார்கள். கப்பல் ஏடுகளை வரி வரியாகப் படித்திருந்தாலும் செல்வி கடலில் போவது அதுதான் முதல் தடவை. கரை மெலிந்து கோடாகிற வரைதான் தாங்கினாள். பிறகு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். குடித்த காபி, இரவு சாப்பிட்ட இட்லி எல்லாம் போயிற்று. இராமதாஸ் ஒரு கையில் பிண்டத் தட்டோடும் மறுகையால் அவள் தோளைப் பிடித்தபடியும் தவித்தார்.

சிலம்பரசன் எஞ்சினை அணைத்தான். படகு சும்மா ஆடிக்கொண்டிருந்தது. இராமதாஸ் செய்ய வேண்டியதைச் செய்தார். பூவை செல்வி போட்டாள். அது உடனே போகாமல் படகின் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நின்றது.

சிலம்பரசன் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"வாய கொப்புளிங்க அண்ணி. மொதல்ல எல்லாருக்கும் இப்படித்தான். அண்ணன்கூட மொத வாரம் பூரா வாந்திதான். பக்கெட்டக் கட்டிப்புடிச்சிக்கினே தூங்குவாராம், அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"என்கிட்ட போன்ல, கப்பல்ல ஏறுன அன்னிக்கே பழகிடுச்சுன்னு சொன்னாரே" என்றாள் செல்வி.

"உங்ககிட்ட எப்படி சொல்லுவாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே மறுபடி குமட்டியது. இராமதாஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிலம்பரசன் எஞ்சினைக் கிளப்பிப் படகைக் கரைப்பக்கம் திருப்பினான்.